சட்டுவம் அறியாத சுவை

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் ஞாயிறு மாலைதோறும் எட்டுப் பத்துப் பேர், நீண்ட ஜிப்பாவும் தொப்பியுமாக, ஓரமாக வரிசையாக வருகிறார்கள். பக்கத்து வீட்டு பாயை வெளியே அழைத்து ஏதோ பேசிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் மனதில் ஒரு கலக்கம். 2020ல் கொரோனா நேரத்தில் டெல்லியில் கூடியவர்கள் இவர்கள்தானே?

போன வாரம் ரயிலில் எதிர் இருக்கை இளைஞர் ஒருவர் மிக மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தார். கடவுளுக்கு உருவம் உண்டா என்று கேட்டார். யஜுர் வேதத்திலிருந்து அத்தியாய எண்ணோடு ஒரு வரி சொன்னார். அடுத்து சிவவாக்கியரின் 'நட்டகல்லும் பேசுமோ'வைச் சொன்னார். எனக்குப் பதிலே வரவில்லை. வெட்கமாகிவிட்டது. இறங்கும்போது குர்ஆன் தமிழாக்கம் ஒன்றைக் கையில் கொடுத்தார். அது பையிலேயே கிடக்கிறது. திறக்க மனமில்லை, தூக்கிப் போடவும் பயம்.

பொது இடத்தில் இப்படி மதம் பேசச் சட்டம் அனுமதிக்கிறதா? இப்படியே விட்டால் எல்லோரையும் மாற்றிவிட மாட்டார்களா? இவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நாலு நல்ல பதில் எழுதிக் கொடுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அந்த வரி சரியாகத் தொட்டுவிட்டது. அதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

தெருவில் வந்தவர்களையும் ரயிலில் பேசியவரையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். இரண்டும் வேறு வேறு. தெருவில் வருகிறவர்கள் தப்லீக் ஜமாஅத்தினர். பிற மதத்தவரிடம் மதம் பேசுவது அவர்கள் வேலையே இல்லை. தொழுகையை விட்டுவிட்ட முஸ்லிமைத் தேடித்தான் அவர்கள் வருகிறார்கள். உங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் போவதற்குக் காரணம் அதுதான். அதைக் கண்ணால் பார்த்தும் கலங்கியிருக்கிறீர்கள். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருக்கிற மனிதரிடம் "யார் பாய் இவங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

அவர்கள் செய்வதற்கு 'கஷ்த்' என்று பெயர். பாரசீகச் சொல். சுற்றிவருதல், உலா என்று பொருள். வாரத்தில் குறித்த ஒரு நாள், பெரும்பாலும் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கும் மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கும் நடுவில் கிளம்புவார்கள். புறப்படும் முன் பள்ளிவாசலில் உட்கார்ந்து நடைமுறை ஒழுங்குகளைப் பேசி, துஆ, அதாவது பிரார்த்தனை, செய்வார்கள். எல்லோரும் வெளியே போவதில்லை. சிலர் பள்ளியிலேயே தங்கி துஆவிலும், இறைவனை நினைக்கும் திக்ரிலும் இருப்பார்கள். போகிறவர்களில் தலைவராக அமீர் ஒருவர் உண்டு. 'ரஹ்பர்' என்பவர் உள்ளூர்க்காரர், வழிகாட்டி. கதவைத் தட்டுவதும் அறிமுகம் செய்வதும் அவர் பொறுப்பு. பேசுவதற்கு ஒரே ஒருவர்தான், 'முதகல்லிம்'. மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. பார்வையைத் தாழ்த்தி, மனதுக்குள் திக்ர் செய்தபடி, தெருவின் ஓரமாக நடக்க வேண்டும். கதவுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும், வீட்டுக்குள் கண் போகக் கூடாது என்பதற்காக. அரசியல் கூடாது, மார்க்கச் சட்ட நுணுக்கங்களை வைத்து மஸ்அலா தகராறு கூடாது, வாக்குவாதம் கூடாது. பேச்சு சில நிமிடம்தான். "மஃரிபுக்குப் பிறகு பயான் இருக்கிறது, வாருங்கள்" என்பதோடு முடிந்துவிடும். பயான் என்றால் மார்க்க உரை. பயானுக்குப் பின் 'தஷ்கீல்'. யார் 3 நாள் வருகிறீர்கள், யார் 40 நாள், யார் 4 மாதம் என்று கேட்டுப் பெயர் எழுதுவார்கள். 40 நாளுக்கு 'சில்லா' என்று பெயர். கிளம்புகிறவர் படுக்கையைத் தானே சுமக்க வேண்டும், செலவும் அவரவருடையது. சமையல் முறைவைத்து ஆளுக்கு ஆள் மாறும்.

இது எங்கே கெட்டுப்போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ரஹ்பர் உள்ளூர்க்காரர் என்பதால் ஆளின் குறை அவருக்குத் தெரிந்திருக்கும். "இவர் பள்ளிப் பக்கமே வர மாட்டார்" என்று அறிமுகம் செய்துவிட்டால் அந்தக் கதவு அன்றோடு சரி. முதகல்லிம் பேச்சை நீட்டினாலும் கெடும், நாலு பேர் சேர்ந்து பேசினாலும் கெடும். இதையெல்லாம் ஒவ்வொரு கஷ்த்துக்கும் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வார்கள். கேட்கிறவரை விட நடக்கிறவருக்குத்தான் அது பயிற்சி என்று அவர்களே சொல்வார்கள். போகும்போது திக்ர், திரும்பும்போது இஸ்திக்ஃபார், அதாவது பிழை பொறுக்கக் கேட்டல். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டபடி வீடு திரும்பும் அந்த ஒழுங்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2020ஐ எழுப்பியிருக்கிறீர்கள். அந்த ஆகஸ்டிலேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு தப்லீக்கினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்று எழுதியது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான குற்றப்பத்திரிகைகளையும் ரத்து செய்தது. குற்றம் சாட்டியபோது அலறிய தொலைக்காட்சிகள் ரத்தானபோது எவ்வளவு நேரம் ஒதுக்கின என்று யோசித்துப் பாருங்கள். தீர்ப்பு உங்கள் காதுக்கு எட்டாதது உங்கள் தவறில்லை. இனிமேலும் அந்தக் கேள்வியைக் கேட்டால் அது தவறு.

சட்டம் பற்றிய கேள்வி சின்னது. அரசியல் சாசனத்தின் 25வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் 'பரப்புதல்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடியவர்களில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒருவர். கிறிஸ்தவ நிறுவனங்களில் தான் 14 ஆண்டுகள் படித்தும் தன்னை மாற்ற யாரும் முயலவில்லை என்றார். பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்று 1977ல் உச்ச நீதிமன்றம் எல்லை போட்டது. ரயிலில் ஒருவர் பேசினார், நீங்கள் கேட்டீர்கள். "வேண்டாம் தம்பி" என்று சொல்லியிருந்தால் அவர் விட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

'எல்லோரையும் மாற்றிவிடுவார்கள்' என்ற பயத்துக்கும் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. 1981ல் மீனாட்சிபுரத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்குப் போனது யாரும் ரயிலில் புத்தகம் கொடுத்ததால் அல்ல. சாதி அவர்களை நடத்திய விதத்தால் போனார்கள்.

இப்போது அந்த மனப்பாடத்துக்கு வருகிறேன்.

அந்த இளைஞர் பேசியது தஃவா, அழைப்புப் பணி. பிற மதத்தவரை நோக்கியது. அதில் மேடையில் நின்று எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் 'இனிய மார்க்கம்' நிகழ்ச்சிகள் உண்டு, கையேடுகள் உண்டு, பயிற்சி வகுப்புகள் உண்டு. அத்தியாய எண்ணோடு வேதம் சொல்லும் அந்த முறை குர்ஆனிலிருந்து பிறந்ததில்லை. அதன் பிறப்பிடம் பாதிரிமாரோடு நடந்த வாக்குவாதம்.

1854 ஏப்ரலில் ஆக்ராவில் ஒரு விவாதம் நடந்தது. ஒரு பக்கம் ஜெர்மன் பாதிரி கார்ல் ஃபாண்டர், இஸ்லாத்தைத் தாக்கி நூல் எழுதியவர். எதிரே மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி. பைபிளிலிருந்தே, ஐரோப்பிய அறிஞர்களின் ஆய்விலிருந்தே எடுத்து ஃபாண்டரை மடக்கினார். 1857 கிளர்ச்சிக்குப் பின் தப்பி மக்கா போய், பிற்பாடு அந்த வாதங்களைத் திரட்டி 'இள்ஹாருல் ஹக்' என்று நூலாக எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், சூரத் பக்கத்திலிருந்து போன ஓர் இளைஞர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மிஷன் கல்லூரி. பயிற்சி பெறும் மாணவர்கள் கடைக்கு வந்து, உன் நபி அப்படி, உன் வேதம் இப்படி என்று அந்தப் பையனைத் துளைப்பார்கள். அவருக்கும் பதில் வரவில்லை. உங்களைப் போலவே வெட்கப்பட்டார். அப்போது கைக்குக் கிடைத்தது கைரானவியின் நூல். அவர்தான் அஹ்மத் தீதாத். 2005ல் இறக்கும் வரை உலகம் முழுக்க அவர் கையேடுகளும் வீடியோக்களும் பரவின. அவரைப் பார்த்துத்தான் மும்பையில் ஜாகிர் நாயக் மேடை ஏறினார். அவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் உங்கள் எதிர் இருக்கை இளைஞர்.

அதே 1854ல் தமிழில் என்ன நடந்தது? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டார். பாதிரி பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவர், அவர்களிடம் கற்ற அதே பைபிள் அறிவை எடுத்து அவர்களுக்கே பதில் எழுதினார். அதற்கு முன்பே, 1847 டிசம்பர் 31 முதல், வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் வெள்ளிதோறும் சைவப் பிரசங்கம் தொடங்கியிருந்தார். பிரசங்கம் என்ற அந்த அமைப்பே தேவாலயத்திலிருந்து வந்தது. தப்லீக்கையும் பாருங்கள். 1920களில் ஆரிய சமாஜம் சுத்தி இயக்கம் நடத்தி வட இந்திய முஸ்லிம்களைத் திரும்ப இந்துவாக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில்தான் மௌலானா இல்யாஸ் டெல்லிக்குத் தெற்கே மேவாத்தில் தப்லீக் வேலையைத் தொடங்கினார்.

ஒருவன் கேட்டான், மற்றவன் வெட்கினான், வெட்கியவன் பதில் தேடினான், தேடிக் கிடைத்த பதிலை அடுத்தவன் மேல் எறிந்தான். இருநூறு வருடமாக ஒரு வெட்கம் கைமாறிக்கொண்டே வருகிறது. இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நாலு பதில் எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்கிறீர்கள். நான் கொடுக்க மாட்டேன்.

மனப்பாடம் என்ன செய்யும் என்பதை அவர் சொன்ன வரிகளிலேயே பார்க்கலாம். யஜுர் வேத வரி 'ந தஸ்ய ப்ரதிமா அஸ்தி' என்பதாகத்தான் இருக்கும். 32ம் அத்தியாயம், 3ம் மந்திரம். அவனுக்குச் சிலை இல்லை என்று பொருள் சொல்லியிருப்பார். 'ப்ரதிமா' என்றால் படிமம்தான், ஆனால் ஒப்பு, நிகர் என்றும் பொருள் உண்டு. அதே அத்தியாயத்தின் முதல் மந்திரமே அதுவே அக்னி, அதுவே ஆதித்யன், அதுவே வாயு, அதுவே சந்திரன் என்று தொடங்குகிறது. அவருக்குக் கொடுக்கப்பட்ட கையேட்டில் 3 மட்டும் இருந்திருக்கும், 1 இருந்திருக்காது. இதைப் படித்ததும் அடுத்த ரயிலில் யாரையாவது மடக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

சிவவாக்கியருக்கும் அதே கதிதான். 'நட்டகல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்' என்பதோடு நிறுத்துகிறார்கள். பகுத்தறிவு மேடையிலும் அங்கேயேதான் நிறுத்துவார்கள். பாட்டு அங்கே நிற்கவில்லை. 'சுட்டசட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ' என்பது அடுத்த அடி. சட்டி அடுப்பிலேயே கிடக்கிறது, சட்டுவம், அதாவது அகப்பை, கறிக்குள்ளேயே புரள்கிறது, ருசி மட்டும் இரண்டுக்கும் தெரியாது. அந்த அடி கல்லுக்கு எதிரானது மட்டுமில்லை. வேதத்துக்குள்ளேயே எண் எண்ணாகப் புரண்டும் ருசி பார்க்காமல் வெளியே வருகிற எல்லோரையும் அது தொடுகிறது. 'நாதன் உள்ளிருக்கையில்' என்பதை ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அவருடைய மரபிலேயே அதற்கு உறவு தெரிந்திருக்கும். தமிழில் பாடிய சூஃபி குணங்குடி மஸ்தான் சாகிபு வெகு தூரத்தில் இல்லை.

உங்களுக்குப் பதில் வராதது குறையே இல்லை. கடவுளுக்கு உருவம் உண்டா என்பது இரண்டு நிலையங்களுக்கு நடுவில் முடிக்கிற கேள்வியா? "தெரியவில்லை தம்பி, நான் கும்பிடுகிறேன், அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தால் போதும். பிறகு நீங்கள் கேட்டிருக்க வேண்டும்: இன்றைக்கு அதிகாலை சுப்ஹு தொழுதீர்களா, தொழுகையில் மனம் நிற்கிறதா, நிற்காத நாளில் என்ன செய்வீர்கள் என்று. கையேட்டில் அதற்குப் பதில் கிடையாது. அவர் தன்னிடமிருந்துதான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் உங்களை நம்பிப் பேசத் தொடங்குகிற இடம் அதுவாக இருந்திருக்கும்.

அந்த இளைஞர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஞானத்துடனும் அழகிய அறிவுரையுடனும் அழைப்பீராக' என்கிற குர்ஆன் வசனம் 16:125ஐ நீங்கள் அறிவீர்கள். அவர்கள் அழைக்கும் தெய்வங்களை ஏசாதீர்கள் என்கிற 6:108ஐயும் அறிவீர்கள். நீங்கள் ஏசவில்லை, மரியாதையாகத்தான் பேசினீர்கள் என்று கடிதம் சொல்கிறது. ஆனால் ஒரே ஒரு பதில் மட்டுமே உள்ள கேள்வியை ஒரு முன்பின் தெரியாதவரிடம் கேட்டீர்கள். ரயிலில் அவரால் எழுந்து போகவும் முடியாது. கஷ்த்துக்குப் போகிறவர்கள் கதவை விட்டு ஒதுங்கி நிற்கிறார்களே, அந்த ஒதுங்கல் உங்கள் பேச்சில் இல்லை.

பையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி மறந்தே போனேன். படிக்க விருப்பமிருந்தால் படியுங்கள், யாரும் உங்களுக்குத் தேர்வு வைக்கப் போவதில்லை. விருப்பமில்லையென்றால் பக்கத்து வீட்டு பாயிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் அதைத் தரையில் வைப்பதில்லை, மேலே ஓர் இடம் வைத்திருப்பார்கள். கொடுக்கும்போது கை கழுவிவிட்டுக் கொடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் யார் என்பதையும் அவரிடமே கேளுங்கள். நான் எழுதியதில் ஏதாவது பிசகு இருந்தால் அவர் திருத்துவார்.

அன்புடன்.