ஸ்லீப் ஆப்னியாவுக்கு முதல் மெஷினும் மாஸ்க்கும் வாங்கப் போகிறோம், எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் அம்மாவுக்கு ஸ்லீப் ஆப்னியா (நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற நோய்) என்று சொல்லி சீபாப் மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மாமா தான் பாவித்த மெஷினையும் முழுமுக மாஸ்க்கையும் அனுப்புகிறேன் என்கிறார். அதை எடுக்கலாமா, புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்ப்பது, இரவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரைக் குறிப்பிடவில்லை. கரண்டைப் பற்றிக் கேட்ட விதத்தைப் பார்த்தால் எங்கள் பக்கம் போலத்தான் இருக்கிறது. நான் இலங்கையில் கிளிநொச்சி. அப்படி எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை, மெஷின் விற்பவளும் இல்லை. இரவில் மாஸ்க் போட்டுப் படுக்கிற ஒரு பள்ளிக்கூட ரீச்சர். மெஷினில் காற்றின் பிரெஷர் எவ்வளவு வைப்பது என்பதை அம்மாவைப் பார்க்கும் டொக்டரிடம் மட்டும் கேளுங்கள். மற்றவற்றை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவற்றை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

முதலில் மாஸ்க்கைப் பாருங்கள், மெஷினைப் பிறகு பார்க்கலாம். எல்லோரும் எந்தக் கொம்பனி, எந்த மொடல் என்று மெஷினைத்தான் விசாரிக்கிறார்கள். நல்ல கொம்பனி மெஷின் எதுவும் சொன்ன பிரெஷரில் காற்றைத் தள்ளும். அந்தக் காற்று தொண்டைக்குப் போகிறதா, கன்னத்தால் கசிந்து கண்ணுக்குள் அடிக்கிறதா என்பது மாஸ்க்கின் கையில் இருக்கிறது. இந்த மெஷினை வாங்கி அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். எல்லோரும் சொன்ன காரணம் மாஸ்க்தான்.

வருத்தம், அதாவது நோய், என்ன என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்றால் இப்படிச் சொல்லுங்கள். வயலுக்கு இறைக்கிற துணிக் குழாய் மோட்டர் ஓடும்போது விறைத்து நிற்கும், மோட்டரை நிறுத்தினால் சப்பளிந்து படுத்துவிடும். நித்திரையில் தொண்டைத் தசை தளரும்போது சிலருக்குத் தொண்டையும் அப்படிப் படுத்துவிடுகிறது. மெஷின் செய்வது காற்றால் அதைத் திறந்து வைத்திருப்பது மட்டுமே. அது ஒக்சிசன் மெஷின் இல்லை, அறைக் காற்றைத்தான் தள்ளுகிறது. கொரோனாவுக்குப் பிறகு இந்தக் குழப்பம் கூடிவிட்டது. "ரீச்சருக்கு ஒக்சிசன் வைச்சிருக்கினமாம்" என்று எங்கள் ஒழுங்கையில் கதை பரவி, பழங்களோடு பார்க்க வந்தார்கள். அம்மா பயப்படுவார் என்றால் இதையும் சொல்லுங்கள்: சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் 1981 இல் இந்த முறையை வெளியிட்டார். அதற்கு முன்பு கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது.

இனி என் கதை. எனக்கு இந்த நோய் இருப்பதைக் கண்டுபிடிக்க வருடக்கணக்கானது. நான் பெண், ஒல்லி, போதாக்குறைக்குச் சண்டை நடந்த வன்னிக்காரி. குறட்டை விடுகிறவர் என்றால் வண்டி (தொப்பை) வைத்த ஆம்பிளை என்ற நினைப்பு எங்கள் ஆட்களுக்கு மட்டுமல்ல, கிளினிக்கில் இருப்பவர்களுக்கும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது வரும் வாய்ப்புக் கூடுகிறது. நாடி (மோவாய்) பின்தள்ளி இருந்தால், தொண்டை ஒடுக்கமாக இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும்.

விடியும்போது தலையிடி. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே கண் சொருகும். இரவில் மூச்சடைத்துத் திடுக்கிட்டு எழும்புவேன். இதைப் போய்ச் சொன்னால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கடைசிச் சண்டை நேரம் எங்க இருந்தனீங்கள் ரீச்சர்?" வலைஞர்மடம், பிறகு முள்ளிவாய்க்கால் (2009 இல் போரின் கடைசி மாதங்கள் நடந்த இடங்கள்) என்று சொன்னவுடன் கேட்டவரின் முகம் மாறிவிடும். என் தொண்டையைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிடும். யோசனை, பயம், பழைய நினைவு என்று எழுதி நித்திரைக் குளிசை தருவார்கள். சில நித்திரைக் குளிசைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தக் கூடியவை. ஏற்கெனவே மூச்சு நிற்கிற ஆளுக்கு அவை நல்லதில்லை என்பதைப் பிறகு வேறொரு டொக்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

உளநலம் பார்ப்பவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கீழே எழுத வேண்டாம். அவர்களால் திரும்ப எழும்பி நடந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். எனக்கு அந்த நினைவுகள் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. நான் சொல்வது, வன்னியில் இருந்து வருகிற ஒவ்வொரு வருத்தத்தையும் சண்டையின் கணக்கில் எழுதிவிட்டுக் கொப்பியை மூடாதீர்கள் என்பது. எத்தனை பேர் வந்து எத்தனை படிவம் நிரப்பினார்கள்! கனவு வருகிறதா, அழுகை வருகிறதா என்று கேட்டார்கள். ஒருவராவது வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்க்கவில்லை. எங்களுக்கும் மற்ற மனிதருக்கு வருகிற சாதாரண நோய்கள் வரும். இதைச் சொல்ல வேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன், உங்கள் கேள்வியில் எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் என் கணவர் ஓர் இரவு போனில் ஒலிப்பதிவு செய்து வைத்தார். குறட்டை, அப்புறம் ஒரு சத்தமும் இல்லை, பிறகு தண்ணீருக்குள் இருந்து மேலே வந்ததுபோல ஒரு இழுப்பு. காது மூக்குத் தொண்டை டொக்டர் அதைக் கேட்டவுடனே நித்திரைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு எழுதினார். மணிக்கு எத்தனை தரம் மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதை ஏ.எச்.ஐ என்பார்கள். 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30 தாண்டினால் கடுமை. எனக்குக் கடுமை. அம்மாவின் அறிக்கையில் இந்த இலக்கத்தைப் பாருங்கள், பிரதி எடுத்தும் வையுங்கள்.

மாஸ்க்கில் பொதுவாக மூன்று வகை. மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சின்னக் குமிழ் வகை, மூக்கை மட்டும் மூடுவது, மூக்கையும் வாயையும் மூடுவது. கடைசி வகையைத்தான் முழுமுக மாஸ்க் என்கிறார்கள். வாயால் மூச்சு விடுகிற ஆளென்றால் முழுமுகம் என்று கடைக்காரர் உடனே எடுத்துத் தருவார். அவசரப்பட வேண்டாம். அமெரிக்க நித்திரை மருத்துவச் சங்கம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல் மூக்கு வகைகளைத்தான் முதலில் பரிந்துரைக்கிறது. பெரிய மாஸ்க் நாடியைப் பின்னுக்கு அமுக்கும், நாக்கும் அதோடு பின்னால் போகும், சிலருக்குப் பிரெஷரைக் கூட்ட வேண்டி வரும். கசிவதற்கு இடமும் அதில் கூட. மூக்கு அடைப்பு இருந்தால் முதலில் அதற்கு மருந்து செய்யுங்கள். மூக்கு எப்போதுமே அடைத்தபடி இருக்கிறவர்களுக்கு முழுமுகம்தான் சரி, அதையும் மறுக்கவில்லை.

அளவு பார்க்கும்போது அம்மாவைக் கதிரையில் இருத்திப் பார்க்காதீர்கள். படுக்க வைத்து, மெஷினை அவருடைய பிரெஷரில் ஓட விட்டு, இடமும் வலமும் திரும்பச் சொல்லிப் பாருங்கள். படுத்தால் கன்னத்துச் சதை இறங்கி முகம் வேறாகிவிடும். கசிந்தால் பட்டியை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. இறுக்கினால் சிலிக்கன் விளிம்பு மடிந்து கசிவு இன்னும் கூடும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். தளர்த்தி, முகத்திலிருந்து கொஞ்சம் தூக்கி, விளிம்பு காற்றில் உப்பின பிறகு இருக்க விடுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதத் தொடங்கினேன்.

என் தம்பியும் ரொறன்ரோவில் இருந்து ஒரு மாஸ்க் அனுப்பினான். "அக்கா, இஞ்ச எல்லாரும் பாவிக்கிறதுதான், யோசிக்காமப் போடுங்கோ" என்றான். பட்டி வந்து மாட்டுகிற இடத்தில், இரண்டு பக்கமும் பொத்தான் அளவில் ஒரு வட்டம். கிட்டக் கொண்டுபோனால் டக்கென்று தானே ஒட்டிக்கொள்ளும். உள்ளே காந்தம். கையில் பலம் குறைந்தவர்களுக்கு வசதியான வேலைதான். எனக்குக் கழுத்தடியில், காறை எலும்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு செல் பீஸ், அதாவது சண்டையில் வெடித்த குண்டின் உலோகத் துண்டு, இருக்கிறது. நரம்புக்குப் பக்கம் என்று எடுக்காமல் விட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்த தாளில் காந்தத்தைப் பற்றி எழுதியிருந்ததைக் கண்டதும் மாஸ்க்கைப் போடாமல் எக்ஸ்ரேயோடு டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, காந்தம் இல்லாத மாஸ்க் எடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இது என் பயம் மட்டுமில்லை. காந்தம் உள்ள மாஸ்க்குகளைப் பற்றி அவற்றைச் செய்கிற கொம்பனிகளான பிலிப்ஸ் 2022 செப்டெம்பரிலும் ரெஸ்மெட் 2023 நவம்பரிலும் எச்சரிக்கை விட்டன. பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், சிலவகை ஸ்டென்ட், கண்ணுக்குள் உலோகத் துகள் போன்றவை இருப்பவர்கள் அந்த மாஸ்க்கைப் போடக் கூடாது. பக்கத்தில் படுப்பவருக்கு இருந்தாலும் கவனிக்க வேண்டும். காந்தத்துக்கும் உடம்பில் உள்ள பொருளுக்கும் இடையில் 15 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. வேறு நாட்டில் இது ஒரு சிலருக்கான எச்சரிக்கையாக இருக்கலாம். எங்கள் பக்கம் தலையிலும் கழுத்திலும் நெஞ்சிலும் பீஸோடு நடமாடுகிறவர்கள் எத்தனை பேர்! எம்ஆர்ஐ எடுக்கப் போனால் உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேட்கிறார்கள். மாஸ்க் விற்கும்போது என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் அம்மாவிடம் கேளுங்கள். மறந்தும் போயிருப்பார், எக்ஸ்ரே பார்ப்பது நல்லது. எல்லாப் பீஸும் காந்தத்துக்கு இழுபடாது, சும்மா பயமுறுத்தாதீர்கள் என்று யாராவது சொல்லலாம். சரி, இழுபடாமலும் இருக்கலாம். கொக்கி மாட்டுகிற மாஸ்க் அதே கடையில் இருக்கும்போது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை என்ன?

மெஷினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே பிரெஷரில் ஓடுவது சாதாரண சீபாப். தேவைக்குத் தானே கூட்டிக் குறைப்பது ஓட்டோ வகை, பிரெஷர் பெரும்பாலும் 4 முதல் 20 வரை (தண்ணீர் சென்ரிமீற்றர் என்ற அளவில்) போகும். பரிசோதனைக் கூடத்துக்கு அடிக்கடி போக முடியாத எங்கள் தூரத்துக்கு ஓட்டோ வசதி. உள்ளே மெமரி காட் போடும் இடம் கட்டாயம் இருக்க வேண்டும். வெளிநாட்டு மெஷின் அங்குள்ள போன் வலையமைப்பில் தகவல் அனுப்பும், இங்கே அது வேலை செய்யுமென்று நம்ப வேண்டாம். காட் இருந்தால் கசிவும் ஏ.எச்.ஐயும் டொக்டர் பார்க்கலாம். ஓஸ்கார் என்ற இலவச மென்பொருளில் வீட்டிலும் பார்க்கலாம்.

மாமாவின் மெஷினை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அவருடைய பிரெஷரில் இருக்கும், டொக்டர் மாற்றித் தராமல் அம்மாவுக்குப் போட வேண்டாம். 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் மெஷின்கள் பலவற்றை உள்ளே இருந்த சத்தம் தடுக்கும் நுரைப்பஞ்சு உதிர்கிறது என்று திரும்பப் பெற்றது. அந்தக் கொம்பனியின் பழைய மொடல் என்றால் சீரியல் இலக்கத்தைக் கொம்பனியிடம் கொடுத்து, அது திரும்பப் பெற்றதில் ஒன்றா என்று பார்த்துவிட்டே அனுப்பச் சொல்லுங்கள். அடப்டரில் 100-240 என்று இருந்தால் எங்கள் 230 வோல்டுக்குப் பிளக் மட்டும் மாற்றினால் போதும்.

கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடும் என்று பயப்பட வேண்டாம். முழுமுக மாஸ்க்கில் வெளிக்காற்றுக்குத் திறக்கும் ஒரு வால்வு இருக்கிறது, மூக்கு வகையென்றால் வாய் இருக்கிறது. பெரும்பாலும் அவரே எழும்பிவிடுவார். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில்தான் எங்கள் வீட்டில் 12 வோல்ட் பற்றரியும் பற்றரிக் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்ற அதற்கென்று விற்கும் கருவியும் வாங்கினோம். பற்றரியில் ஓடும்போது காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியின் சூட்டை நிறுத்திவிடுங்கள், கரண்ட் இழுப்பது நன்றாகக் குறையும். கணினி யூபிஎஸ்ஸை நம்பி ஓர் இரவு முழுக்கப் படுக்க முடியாது.

தொட்டிக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது இங்கேயும் படியும். பார்மசியில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள், மிச்சத்தைக் காலையில் வெளியே ஊற்றிவிட்டுத் தொட்டியைக் காய விடுங்கள். மெஷினுக்குள் போகும் காற்றின் தூசியைத் தடுக்கும் வடிதட்டை (பில்டரை) அடிக்கடி பாருங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களிலும் அறுவடை நேரத்திலும் என்னுடைய வெள்ளை வடிதட்டு கிரவல் றோட்டின் நிறத்துக்கு வந்துவிடும். வெளிநாட்டில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்பது எங்களுக்குச் சரிவராது. நுளம்பு வலைக்குள் குழாயைத் தலைமாட்டுப் பக்கத்தால் எடுத்துக் கட்டிலில் இளக்கமாகக் கட்டிவிடுங்கள், திரும்பிப் படுக்கும்போது மாஸ்க்கை இழுக்காது.

அம்மா முதல் இரவே முழுக்கப் போட வேண்டும் என்று நெருக்காதீர்கள். பகலில் ரீவி பார்க்கும்போது போட்டுப் பழகட்டும். மெல்லத் தொடங்கிக் கூட்டுகிற வசதி மெஷினில் இருக்கும், அதைப் போட்டுக் கொடுங்கள்.

மாமாவிடம் இப்போதைக்கு மெஷினின் மொடல், சீரியல் இலக்கம், அடப்டரின் படம் மட்டும் கேளுங்கள். மாஸ்க் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இன்னொருவர் முகத்தில் கிடந்த சிலிக்கன் அம்மாவின் முகத்துக்குப் பொருந்தாது. அந்தக் காசை அனுப்பினால் புது மாஸ்க்கை இங்கே படுத்துப் பார்த்து வாங்கலாம். அம்மாவின் எக்ஸ்ரே பார்த்த பிறகு ஏதாவது சந்தேகம் வந்தால் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.