வீட்டுப் பட்டறையில் கம்ப்ரஸர் லைனுக்கு பிவிசி பைப் போடலாமா?

வீட்டுக்குப் பின்னால் மரவேலை ஷெட், 8 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷரில் ஓடும் கம்ப்ரஸர், சுவரோரமாக இருபதடி லைன். பிவிசி போதும் என்று பிளம்பர் சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடாதீர்கள். சுடுதண்ணீருக்குப் போடும் சிபிவிசியும் வேண்டாம்.

உங்கள் பிளம்பர் சொன்னதைத்தான் கோவையில் என் பிளம்பரும் சொன்னார். "பைப்புலயே 10 கிலோன்னு போட்டிருக்குதுங்க. தண்ணிக்குத் தாங்கறது காத்துக்குத் தாங்காதுங்களா?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாவது வருட மே மாதம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் வந்திருந்தேன். ஷெட்டில் அணுகுண்டுப் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பைப் திரும்பும் எல்போவை ஒட்டி ஒரு முழ நீளத்துக்குப் பைப்பே இல்லை. நகக்கண் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த பிளைவுட்டில் ஒரு துண்டு குத்தி நின்றது. குறடு போட்டுத்தான் பிடுங்கினேன். பத்து நிமிடம் முன்பு வரை அந்த பிளைவுட்டுக்கு முன்னால் நின்றுதான் இழைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரஸர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிரஷர் ஏறினால்தானே கட் ஆகும்!

பைப்பில் போட்டிருக்கும் அந்த 10 கிலோ பொய் இல்லை. ஆனால் அது தண்ணீருக்கு, அதுவும் 27 டிகிரி வெப்பத்தில் போட்ட கணக்கு. தகரக் கூரைக்கு அடியில் மே மாதம் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றும் சூடாகத்தான் வரும். 45 டிகிரி வாக்கில் பிவிசியின் தாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். 60-ஐத் தொட்டால் கால்வாசிதான்.

அதைவிட முக்கியம், அது உடையும் விதம். தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்காது என்றே சொல்லலாம். அதனால் தண்ணீர் பைப் விரிசல் விட்டால் கொஞ்சம் பீச்சியடிக்கும், பிரஷர் அப்போதே இறங்கிவிடும். காற்று அப்படியில்லை. 8 கிலோவில் அடைத்த ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தால் ஒன்பது லிட்டர் இடம் கேட்கும். பின்னால் டாங்க் முழுக்க அதே காற்றுதான். விரிசல் நிற்காமல் ஓடும், பைப் சில்லு சில்லாகப் பறக்கும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, தரைக்கு மேலே காற்று லைனுக்கு பிவிசி கூடாது என்று 1988-லேயே எச்சரித்துவிட்டது. "பத்து வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலை" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் பயம்தான். வயதாக ஆக பிவிசி மொறமொறப்பாகும். ஏணி லேசாக இடித்தாலே போதும். சிபிவிசியில் இன்னொரு வம்பும் உண்டு: கம்ப்ரஸர் ஆயில் சிலவகை அதை அரித்து விரிசல் விட வைக்கும்.

சரி, வேறு எதைப் போடுவது? ஒரே ஒரு இடத்தில்தான் காற்று வேண்டும் என்றால் பைப்பே வேண்டாம். பஞ்சர் கடையைப் பாருங்கள், நல்ல ரப்பர் ஹோஸ் ஒன்றில்தான் பிழைப்பே ஓடுகிறது. இரண்டு மூன்று பாயின்ட் வேண்டுமென்றால் என் ஓட்டு ஜிஐ பைப்புக்கு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்புக்கு. நீலப் பட்டை போட்ட பி கிளாஸ், முக்கால் இஞ்ச். அளவு கொடுத்தால் கடையிலேயே வெட்டி மரை போட்டுத் தருவார்கள். கனம் அதிகம், உள்ளே துருப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு பாயின்டிலும் ஃபில்டர் வைக்க வேண்டும். ஆனால் ஜிஐ கெட்டுப்போனால் மரையில் "உஸ்ஸ்" என்று ஒழுகும், அவ்வளவுதான். சோப்பு நுரை தடவிக் கண்டுபிடித்துவிடலாம். செம்பு இன்னும் நல்லது, விலை கேட்டுவிட்டு நான் திரும்பி வந்துவிட்டேன். காற்றுக்கென்றே வரும் அலுமினியப் பைப் வேலைக்கு சுலபம், அதுவும் விலைதான். பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால், அழுத்தப்பட்ட காற்றுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

போடும்போது கம்ப்ரஸருக்கும் பைப்புக்கும் நடுவில் இரண்டடி ஹோஸ் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த அதிர்வே மரையைத் தளர்த்திவிடும். டாங்கை ஒட்டி ஒரு பால் வால்வு. மெயின் லைனுக்குப் பத்தடிக்கு ஓர் இஞ்ச் வாட்டம் விட்டு, காற்றிலுள்ள ஈரம் ஆறிச் சேரும் தண்ணீரைத் திறந்துவிட தாழ்ந்த முனையில் ஒரு வால்வு வையுங்கள். பாயின்டுக்கு இறங்கும் பைப்பை மெயினின் அடியிலிருந்து எடுக்காதீர்கள். கிளை பிரியும் டீயை மேல்பக்கம் பார்த்து வைத்து, வளைத்துக் கீழே இறக்குங்கள். அடியில் ஓடும் தண்ணீர் அப்போது உங்கள் ஸ்ப்ரே கன்னுக்கு வராது. நான் முதலில் இதைச் செய்யாமல் ஒரு அலமாரிக் கதவை இரண்டு முறை பாலிஷ் போட்டேன்.

ஏற்கெனவே கொஞ்சம் பிவிசி மாட்டிவிட்டீர்கள் என்றால், டாங்கைக் காலி செய்து கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகுதான் அதைக் கழற்றக் கை வையுங்கள்.