கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும் நாய்

கேள்வி: காப்பகத்திலிருந்து 2 வயது நாயைத் தத்தெடுத்து மூன்று நாளாகிறது. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. கையை நீட்டினால் உறுமுகிறது. இரவில் மட்டும் கொஞ்சம் சாப்பிடுகிறது. என்ன செய்வது?

பதில்: இழுத்து வெளியே எடுக்காதீர்கள். உறுமினால் அதட்டவும் வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் மெத்தை விரித்து, தண்ணீரும் உணவும் அருகிலேயே வையுங்கள். காப்பகத்தில் கொடுத்த உணவையே இப்போதைக்குத் தொடருங்கள். மாற்றுவதானால் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாக.

தினமும் சில முறை, ஐந்து நிமிடம், சற்றுத் தள்ளித் தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டாம். விரல்நுனி அளவு வேகவைத்த கோழித் துண்டை அதற்குப் பின்பக்கமாக எறியுங்கள். முன்னால் போட்டால் ஆசைக்கும் பயத்துக்கும் இடையே திணறும். பின்னால் விழுந்தால் விலகிப் போய்த் தின்றுவிட்டுத் தானாகத் திரும்பி வரும். தானே வந்து மோந்தால் மார்பைத் தடவலாம், தலைக்கு மேல் கை வேண்டாம்.

குளியல், விருந்தினர் எல்லாம் பிறகு. வெளியே போகும்போது கழுத்துப்பட்டை மட்டும் போதாது: மிரண்டு பின்வாங்கும் நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். உடல்பட்டையும் சேர்த்து, இரண்டிலும் கயிறு மாட்டுங்கள்.

ஒரு முழு நாள் எதையுமே சாப்பிடாவிட்டாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.