டிஜிட்டல் பியானோவுக்கு ஹெட்போனா, ஸ்பீக்கரா?

கேள்வி: மகளுக்கு ரோலண்ட் எஃப்.பி.-10 வாங்கினோம். அதிலுள்ள ஸ்பீக்கரில் சத்தம் அடைத்தாற்போல் இருக்கிறது. இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. தனி ஸ்பீக்கர் வாங்குவதா, ஹெட்போனா? கைவசம் உள்ள ப்ளூடூத் ஹெட்போனே போதுமா?

பதில்: முதலில் பியானோவை எதன்மேல் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இந்த மாடலின் இரண்டு 6 வாட் ஸ்பீக்கர்களும் கீழ்நோக்கி இருப்பவை. கட்டிலிலோ துணி விரித்த மேசையிலோ வைத்தால் ஒலி அங்கேயே அமுங்கிவிடும். ஸ்டாண்டில் ஏற்றினாலே தெளிவு கூடும்.

அடுத்து ஹெட்போன் வாங்குங்கள், வயர் உள்ளதாக. ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லி விநாடி வரை பிந்தி வரும். பாட்டுக் கேட்கும்போது இது தெரியாது. வாசிக்கும்போது விரல் தடுமாறி, பிள்ளைக்குத் தாளமே கெடும். தவிர, எஃப்.பி.-10இன் ப்ளூடூத் மிடி தகவலுக்கு (எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள் என்ற குறிப்புக்கு) மட்டும்தான், ஹெட்போனுக்கு ஒலியை அனுப்பாது. ப்ளூடூத் ஆடியோ உண்டு என்று விற்கப்படும் பியானோக்களிலும், போனில் ஓடும் பாட்டைப் பியானோ ஸ்பீக்கரில் கேட்கத்தான் பெரும்பாலும் அந்த வசதி.

பியானோவின் விரிந்த ஒலிக்கு, காதுமூடியின் வெளிப்புறம் திறந்திருக்கும் ஓபன் பேக் வகையே பொருத்தம், காதும் புழுங்காது. ஆனால் ஒலி வெளியே கசியும். அதே அறையில் இன்னொருவர் படிப்பார், தூங்குவார் என்றால் மூடிய வகை எடுங்கள். ஹெட்போனின் மின்தடை 32 முதல் 80 ஓம் வரை சரி. 250 ஓம் மாடலில் சத்தம் போதாமல் போகலாம். எஃப்.பி.-10இல் 3.5 மி.மீ. ஜாக், யமஹா பி-45 போன்றவற்றில் 6.35 மி.மீ. பெரிய ஜாக். அடாப்டர் தேவைப்பட்டால், இடது, வலது ஒலியைத் தனித்தனியே கடத்தும் ஸ்டீரியோ அடாப்டர்தானா என்று அதன் செருகு பின்னைப் பாருங்கள்: இரண்டு கறுப்பு வளையம் இருக்க வேண்டும். ஒன்றே இருந்தால் மோனோ; ஒரு காதில் மட்டும் கேட்கும்.

குழந்தைகளுக்கு 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். வால்யூமை நீங்களே வைத்துக் கொடுங்கள்.

ஹெட்போன் போட்டாலும் கட்டையும் பெடலும் தட்டும் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக்குப் போகும். ஸ்டாண்டின் கால்களுக்கடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள்.

கேள்வி: யமஹா பி-45இன் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஒரு ஸ்டுடியோ ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோ கேபிள் கொடுத்தேன். ஒலி மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. ஸ்பீக்கர் பழுதா?

பதில்: ஸ்பீக்கரில் குறையில்லை, கேபிள்தான் காரணம். அந்த ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு இன்புட் (இரு கம்பிகளில் வரும் சிக்னல்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் இணைப்பு) இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவான ஒலி மறைந்து, மிச்சம்தான் கேட்கிறது. ஒரு முனையில் ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு மோனோ பின் உள்ள ஒய் கேபிள் வாங்கி, இரண்டு ஸ்பீக்கர்களுக்குக் கொடுங்கள். வீட்டு அறைக்கு 5 அங்குல ஜோடி தாராளம். பியானோவின் இரு முனைகளிலும் காது உயரத்தில் வையுங்கள்.

பியானோ வால்யூமை முக்கால் அளவில் வைத்து, ஸ்பீக்கரைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். ஸ்பீக்கரைக் கடைசியாகப் போட்டு, முதலில் அணையுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்று அடிக்கும். ரீங்காரம் கேட்டால் எல்லாவற்றையும் ஒரே பவர் போர்டில் செருகிப் பாருங்கள்.