சுளுக்கா, எலும்பு முறிவா?

கேள்வி: படியிறங்கும்போது அம்மாவுக்கு இடது பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிசகிவிட்டது. கணுக்காலைவிடப் பாதத்தின் வெளி ஓரத்தில்தான் வலி அதிகம். எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்கிறார் பாட்டி. எக்ஸ்ரே தேவையா?
- வாசகி, கரூர்

பதில்: இப்போதைக்கு நீவ வேண்டாம். எலும்பு உடைந்திருந்தால் நீவுவதில் அது இன்னும் விலகக்கூடும். சுண்டுவிரலின் அடியிலிருந்து, வெளி ஓரமாகவே குதிகாலை நோக்கி ஒரு விரலால் மெல்லத் தடவுங்கள். ஏறக்குறையப் பாதி வழியில் ஒரு புடைப்பு தட்டுப்படும். பாதத்தின் 5 நீள எலும்புகளில் கடைசி எலும்பின் அடிப்பகுதி அது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் தசைநாண் ஒன்று அங்கேதான் வந்து ஒட்டுகிறது. பாதம் சட்டென உள்ளே மடங்கும்போது அந்த இடம் இழுபட்டு, எலும்பின் நுனி பெயர்ந்துவிடும். வீக்கம் கணுக்கால்வரை பரவுவதால் பலரும் இதைச் சுளுக்கென்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் புடைப்பை அழுத்தினால் வலித்தாலோ, விழுந்த உடனும் இப்போதும் நொண்டியாவது 4 அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். உள்பக்க வளைவின் உச்சியிலுள்ள படகெலும்பில் வலித்தாலும், கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் கணு எலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ.க்குள் வலித்தாலும் அப்படியே. கனடாவின் ஒட்டாவாவில் உருவான இந்த விதிகளை உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் இச்சோதனையை நம்பாதீர்கள். உடைந்த எலும்புகூட வலிக்காது.

கணுக்காலை மட்டும் படமெடுத்து அனுப்பிவிடாமல், பாதத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். நுனி மட்டும் பெயர்ந்திருந்தால் அடி வளையாத கெட்டிச் செருப்போடு சில வாரங்களில் ஆறிவிடும். விரிசல் அதைத் தாண்டி, விரல் பக்கமாகச் சற்று தள்ளி விழுந்திருந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும். 6 முதல் 8 வாரம் காலை ஊன்றாமல் மாவுக்கட்டு, சிலருக்குத் திருகாணி. முறிவு எந்த இடத்தில் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பாதத்தில் 26 எலும்புகள் என்று படித்தேன். என் எக்ஸ்ரேயில் கட்டைவிரலுக்கு அடியில் கூடுதலாக இரண்டு தெரிகின்றன. உடைந்த துண்டுகளா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. பின்பாதத்தில் 7, நடுவே 5, விரல்களில் 14 என்பதே அந்த 26. நீங்கள் பார்த்தவை தசைநாணுக்குள் புதைந்த பட்டாணி அளவு எலும்புகள். அநேகமாக எல்லோருக்கும் உண்டு, கணக்கில் சேர்ப்பதில்லை. சிலருக்கு அவற்றில் ஒன்று இயல்பிலேயே இரண்டாகப் பிரிந்திருக்கும். அப்போது விளிம்பு வழவழப்பாக உருண்டிருக்கும். முறிவென்றால் கூராக, ஒழுங்கற்றுத் தெரியும்.