சார்ஜர் போச்சா, ஒயர் போச்சா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் முதல் லேப்டாப்பே அரசு கொடுத்த இலவச மடிக்கணினிதான் என்ற வீடுகள் நிறைய. 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியது. அப்போதிருந்து கேட்டு வருகிறேன், முதலில் பழுதாகிற பொருள் என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் சார்ஜரைத்தான். அதனால் இந்த முறை சார்ஜர், அதாவது அடாப்டர் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: காரிமங்கலத்தில் இருந்து தினமும் தர்மபுரிக்கு பஸ்ஸில் கல்லூரி போய் வருகிறேன் சார். லேப்டாப் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. சார்ஜர் ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. ஒரு கடையில் காட்டினேன். கழற்றிக்கூடப் பார்க்காமல் "மதர்போர்டு போச்சு, 6,500 ஆகும்" என்கிறார்கள். பரீட்சை நெருங்கிவிட்டது. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒயரை வளைத்தால் ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எங்கோ ஒரு கம்பி அறுந்து, தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அது இருக்கும் இடத்தைப் பிடித்துவிட்டால் செலவு எவ்வளவு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சுவரில் இருந்து தொடங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். அடுத்தது, சுவருக்கும் அடாப்டரின் கறுப்புப் பெட்டிக்கும் நடுவே வரும் பவர் கார்டு. பெட்டிக்குள் போகும் முனையில் மூன்று உருண்டை ஒட்டியது போல வாய் இருக்குமே, அதுதான். அந்த வாய் ஒரே மாதிரி இருந்தால் எந்தக் கம்பெனி கார்டும் பொருந்தும். நண்பருடையதை ஐந்து நிமிடம் வாங்கி மாட்டிப் பாருங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் வீட்டில் ஒருமுறை புது அடாப்டரே வாங்கி வந்த பிறகுதான், பழையது நன்றாக இருக்கிறது, நூற்றைம்பது ரூபாய் கார்டுதான் உள்ளே அறுந்திருக்கிறது என்று தெரிந்தது. அன்று பட்ட வருத்தத்தில் இருந்து, யார் கேட்டாலும் முதலில் கார்டை மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

கார்டு சரி என்றால் பெட்டியைக் கவனியுங்கள். பல அடாப்டர்களில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். லேப்டாப்பில் மாட்டாதபோது எரிந்து, மாட்டியதும் அணைந்தால் இரண்டில் ஒன்று: அடாப்டருக்குச் சுமை தாங்கும் சக்தி போய்விட்டது, அல்லது லேப்டாப் பக்கம் ஷார்ட். அதே பின் பொருந்தும், அதே வோல்ட் கேட்கும் வேறு லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தால் எது என்று தெரியும். இன்னொன்றும் உண்டு. ஷார்ட்டோ அதிகச் சுமையோ வந்தால் அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். சுவரில் இருந்து கழற்றி ஐந்து நிமிடம் வைத்து மறுபடி மாட்டினால் சில சமயம் உயிர் வந்துவிடும்.

இனி உங்கள் கேஸுக்கு நேராக வருகிறேன். லேப்டாப்பில் செருகிய பின்னை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒயரை மட்டும் மெதுவாக வளையுங்கள். சார்ஜ் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஒயர் போச்சு. அடுத்து ஒயரை ஆடாமல் பிடித்து, பின்னை மட்டும் லேசாக அசையுங்கள். அப்போது விட்டு விட்டு எரிந்தால் லேப்டாப்பில் பின் செருகும் வாயான ஜாக் தளர்ந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. கடைக்காரர் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

ஒயர் என்றால், அறுந்த இடம் பெரும்பாலும் பின்னின் கழுத்தில் இருந்து இரண்டு மூன்று விரல் தூரத்துக்குள் இருக்கும். இல்லாவிட்டால் பெட்டியை விட்டு ஒயர் வெளியே வரும் இடத்தில். பஸ்ஸில் பையைத் திணிக்கும் அவசரத்தில் ஒயரைப் பெட்டி மேலேயே இறுக்கிச் சுற்றுகிறோம், அதனால் வருவது. கழுத்துப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தளர்வாக விட்டு, பிறகு வட்டமாகச் சுற்றி வையுங்கள்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டிசி 200 வோல்ட் அளவில் வையுங்கள். 20 வோல்ட் அளவில் வைத்தால் 20-ஐத் தாண்டும் அடாப்டருக்கு மீட்டர் எண் காட்டாது. உருண்டைப் பின்னில் பொதுவாக உள்பக்கம் பிளஸ், வெளிப்பக்கம் மைனஸ். லேபிளில் உள்ள சின்னப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் போட்டிருக்கும் 19, 19.5 அல்லது 20 வோல்ட்டை ஒட்டி மீட்டர் காட்டினால் அடாப்டர் வேலை செய்கிறது. ஒயரை அசைக்கும்போது எண் பூஜ்யத்துக்குக் குதித்தால் அறுந்த இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. டெல், எச்பி பின்களின் நடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கும். அது கரண்டு தருவதற்கு இல்லை. "நான் இத்தனை வாட் அடாப்டர்" என்று லேப்டாப்புக்குத் தெரிவிக்கும் வழி. மீட்டர் முனையால் அதை மற்றதோடு சேர்த்துத் தொட்டுவிடாதீர்கள். அந்த ஊசி ஒடிந்தாலோ, அதன் மெல்லிய கம்பி அறுந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். பேட்டரி போச்சு என்று நினைத்துப் புதுசு வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒயரை மாற்றச் சொல்லும்போது பின்னோடு சேர்ந்த முழு ஒயராக, சால்டரிங் வைத்து, ஒவ்வொரு கம்பிக்கும் தனியாக இன்சுலேஷன் குழாய் போட்டு மாற்றச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றித் தந்தால் வாங்காதீர்கள். அந்த வழியாக மூன்று, நாலு ஆம்பியர் போகிறது; தளர்ந்த இணைப்பு சூடாகி உருகும். உள்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் ஒன்றையொன்று தொட்டால் உடனே ஷார்ட்.

ஜாக் தளர்ந்திருக்கிறது என்றாலும் மதர்போர்டு போனதாக அர்த்தமில்லை. பல மாடல்களில் ஜாக் என்பது குட்டி ஒயரோடு வரும் தனிப் பாகம். போர்டில் செருகிக் கழற்றக்கூடியது. சிலவற்றில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதையும் தெரிந்தவர்கள் மாற்றுவார்கள். இத்தனையும் பார்த்த பிறகும் "போர்டுதான்" என்று ஒருவர் சொன்னால், எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் ஐயா. மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் லேப்டாப்புக்கு 450 ரூபாய்க்கு ஒரு சார்ஜர் வாங்கிக் கொடுத்தேன், பில் தரவில்லை. ஒரே வாரத்தில் கை வைக்க முடியாத அளவு சூடு. சார்ஜ் போட்டபடி தொட்டால் சுர்ரென்று இருக்கிறதாம், திரையில் மவுஸ் அம்புக்குறி தானாக ஓடுகிறதாம். கடையில் கேட்டால் "விற்றது விற்றதுதான்" என்கிறார்கள்.

பதில்: அம்மா, முதல் காரியம், அந்தச் சார்ஜரை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பணம் வருகிறதோ இல்லையோ, மகள் அதைத் தொடக் கூடாது.

சுர்ரென்பதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். நல்ல அடாப்டரிலும் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக மிகச் சிறிய அளவு கசிவு இருக்கும். மூன்றாவது பின் வழியாக எர்த்துக்குப் போய்விடும். வீட்டில் எர்த் இல்லாவிட்டாலோ, மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டரில் மாட்டினாலோ அது லேப்டாப் உடம்புக்கு வரும், தொட்டால் எறும்பு ஊர்வது போல இருக்கும். ஆகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பிளக்கில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாருக்கு எர்த் அடித்திருப்பீர்கள், வீட்டுப் பிளக்குக்கு வராமல் இருக்கும்.

இரண்டாவது காரணம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. மலிவு அடாப்டரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 19 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியையும் இன்சுலேஷனையும் குறைத்துவிடுகிறார்கள். வடிகட்டும் பாகங்களையும் எடுத்துவிடுகிறார்கள். அம்புக்குறி தானாக ஓடுவது பெரும்பாலும் அந்த இரைச்சலால்தான். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் குற்றம் சார்ஜர் மேல்.

லேபிளைத் திருப்பிப் படியுங்கள். இந்தியாவில் விற்கும் லேப்டாப் அடாப்டருக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயப் பதிவு வேண்டும். ஆங்கில ஆர் எழுத்து, ஒரு சின்னக் கோடு, அதற்குப் பிறகு 8 இலக்க எண் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் மகள் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வந்துவிடும். எண்ணே இல்லை என்றாலோ, வேறு கம்பெனி பெயர் வந்தாலோ, அந்த லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் கையில் உள்ள பெரிய ஆதாரம் அதுதான்.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எழுதாதபோது 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. பணத்தை ஜிபே, போன்பே வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, வாங்கியதற்குச் சாட்சி. பொருள், தேதி, தொகை, பழுது நான்கையும் ஒரு தாளில் எழுதி கடையில் கொடுங்கள், நகலில் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 450 ரூபாய்க்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்று தோன்றும். என் கருத்தில், கடிதமும் 1915-ம் வரை கட்டாயம் போக வேண்டும். அந்தக் கடையில் இதே சார்ஜரை அடுத்த வீட்டுப் பிள்ளையும் வாங்கப் போகிறாளே.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை. என் லேப்டாப் 65 வாட். வீட்டில் அதே கம்பெனியின் 90 வாட் அடாப்டர் சும்மா கிடக்கிறது, பின்னும் பொருந்துகிறது. போடலாமா?

பதில்: போடலாம். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், பின்னின் பிளஸ், மைனஸ் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். 90 வாட் இருக்கிறதே என்று அதிகம் குடிக்காது. தலைகீழாகச் செய்வதுதான் தவறு: 65 வாட் லேப்டாப்புக்கு 45 வாட் போட்டால் அடாப்டர் மூச்சுத் திணறி சூடாகும், அல்லது சார்ஜ் ஏறாது. கணக்கு எளிது, வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றால் 65. அதே வோல்ட்டில் 4.62 ஆம்பியர் என்றால் 90.

டைப்-சி சார்ஜர் என்றால் கேபிளையும் பாருங்கள். 60 வாட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். செல்போனோடு வந்த கேபிளை மாட்டிவிட்டு "65 வாட் சார்ஜர் மெதுவாக ஏறுகிறது" என்று அடாப்டரைத் திட்டக் கூடாது.

கேள்வி: ஊத்தங்கரையில் இருக்கிறேன் அண்ணா. கோடை மழையில் இடி விழுந்த அன்று அடாப்டர் அணைந்துவிட்டது, லேசாகக் கருகிய வாடை. வீடியோ பார்த்து நானே பிரித்துச் சரி செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஒயர் வேலைக்கு வழி சொன்ன நானே பெட்டியைத் திறக்காதே என்கிறேன். 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். அதைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டன்சர் உள்ளே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்டு நிற்கலாம், பழுதான அடாப்டரில் அது வடியாமல் நிற்கும் வாய்ப்பு கூடுதல். பெட்டியின் இரண்டு பாதியும் உருக்கி ஒட்டியவை, உடைத்துத் திறந்தால் பழையபடி மூடாது. டேப் சுற்றிய பெட்டியைப் படுக்கையில் வைத்து யாராவது தொடப் போகிறார்கள்.

கருகிய வாடை வந்த அடாப்டரை மறுபடி மாட்டிப் பார்க்கவே வேண்டாம். லேப்டாப் தப்பித்ததா என்பதை வேறு நல்ல அடாப்டரில் சோதியுங்கள். வாங்கி ஒரு வருடத்துக்குள் என்றால் வாரண்டித் தாளை எடுத்துப் பாருங்கள். சாதாரணப் பழுதுக்கு லேப்டாப்போடு வந்த அடாப்டருக்கும் பெரும்பாலும் அது செல்லும். இடி, மின்னல் சேதத்தைப் பல கம்பெனிகள் விலக்கி வைத்திருக்கும், அந்த வரியைப் படித்துவிட்டுப் போங்கள். மேகம் கறுத்தால் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையே பிடுங்குங்கள். மின்னலுக்கு சுவிட்சின் இடைவெளி ஒரு பொருட்டில்லை. நெட் கேபிள் இருந்தால் அதையும்.

கேள்வி: தேன்கனிக்கோட்டை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அடாப்டர் பாதி விலை என்கிறார்கள். அங்கே வாங்கி ஏமாந்தால் வழக்குக்கு பெங்களூருக்கு அலைய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். ஆனால் கையில் பில் இருக்க வேண்டும். கடை பெயர், ஜிஎஸ்டி எண், மாடல், உத்தரவாத நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை என்றால் பில் போட்ட விலைக்கே வாங்குங்கள். போகும்போது பழைய அடாப்டரையும் லேப்டாப்பையும் கூடவே கொண்டுபோய், அங்கேயே மாட்டி, அரை மணி நேரம் சார்ஜ் ஏறுகிறதா, பெட்டி எவ்வளவு சூடாகிறது என்று பார்த்த பிறகு பஸ் ஏறுங்கள்.