கேளுங்கள், சொல்கிறோம்

நவீன ஓவியம் சேர்ப்பதெல்லாம் கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்குதானே?
– வாசகர், மார்த்தாண்டம்

ஏலச் செய்திகளை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கோடி இல்லாமலும் சேர்த்தவர்கள் உண்டு. நிகோலாய் ஹார்ஜியெவ் என்று ஒருவர், 1903-ல் உக்ரைனின் ககோவ்காவில் பிறந்து, ஒடெஸாவில் சட்டம் படித்துவிட்டு, வக்கீல் வேலைக்குப் போகாமல் கலை, இலக்கிய வரலாற்றில் இறங்கியவர். 1930-களில் ஸ்டாலின் ஆட்சி புதுமை ஓவியர்களை ஓரங்கட்டியது, மியூசியங்கள் அவர்கள் படங்களைக் கீழறையில் போட்டுப் பூட்டின. அந்தக் காலத்தில் இவர் ஓவியர்களோடு பழகி, படங்களையும் கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்தார். அந்தப் புதுமை ஓவியர்களில் பெரிய பெயரான மலேவிச் தன் இளமைக்காலத்தை எழுதிவைத்ததே இவர் கேட்டதால்தான். என்னைக் கேட்டால் படங்களைவிட அந்தக் காகிதங்கள்தான் பெரிய சொத்து, ஏனென்றால் ரஷ்யப் புதுமை ஓவியங்களில் போலி ஏராளம், எது யார் வரைந்தது என்று தேடிப்போனால் கடைசியில் இந்த மாதிரிக் கடிதத்தில்தான் வந்து நிற்க வேண்டும்.

இதே மாதிரிப் படங்களைச் சேர்த்த இன்னொருவர் கோஸ்தாகிஸ், அவர் கதை இன்னும் ருசி. மாஸ்கோவில் தூதரக டிரைவராக இருந்தவர். பபோவா என்கிற ரஷ்யப் பெண் ஓவியர் ப்ளைவுட்டில் வரைந்த ஓவியம் ஒரு வீட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது. கேட்டால், “மழை உள்ளே வருமே” என்றார்களாம். வேறு பலகை கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதை எடுத்துப்போனார்!

பெரியப்பா 60-களில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவர் படங்களும் கடிதங்களும் பரணில் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்கிறார்கள் வீட்டில்.
– வாசகி, தக்கலை

அய்யோ, வேண்டாம். ஹார்ஜியெவ் தொண்ணூறு வயதில், 1993-ல், மனைவியோடு ஆம்ஸ்டர்டாம் போனார். அடுத்த வருடமே, ரஷ்யாவைவிட்டு வெளியே போகவிருந்த அவர் காகிதங்களில் ஒரு பகுதியை மாஸ்கோ விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்துக்கொண்டது. 1996-ல் அவர் இறந்தபோது, அத்தனை வருடம் ஒன்றாகக் காத்தது இரண்டு நாட்டில் கிடந்தது.

நம்ம குமரி ஜில்லாவில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, பரண் சரிப்படாது. முதலில் இறக்குங்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றாதீர்கள், உள்ளே பூசணம் பிடிக்கும். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள், பென்சிலில் தேதி ஏதும் எழுதியிருக்கலாம். அப்புறம் சென்னை கிரீம்ஸ் ரோட்டில் இருக்கிற, மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியில் விசாரியுங்கள். யாருக்குக் கொடுத்தாலும் சரி, படமும் கடிதமும் பிரியாமல் ஒரே இடத்தில் இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.